ஜனகராஜின் வலது கிட்னி

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவின் கடைசியில் ஜனகராஜின் சாயப்பட்டறை இருந்தது. அதற்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. சாக்கடையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். அது எங்கே கலராக ஓடத் தொடங்குகிறதோ அதுதான் இடம். ஒரு வாரம் கத்தரிப்பூ நிறம், ஒரு வாரம் மிளகாய்ச் சிவப்பு, ஒரு வாரம் கிளிப்பச்சை. அதைப் பார்த்தே, அடுத்து கடைத்தெருவில் என்ன கலர் சேலை தொங்கப் போகிறது என்று தெருக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். தெருவை நாறடிக்கிறார் என்று திட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஜனகராஜ் ஒரு கும்பிடு போட்டு, "சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம்ணே" என்பார். அதற்கு மேல் ஒரு மனிதர் எப்படித் திட்டுவது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அவர் சுபாவமே அப்படி. டவுன் பஸ் கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தாலும் சந்தோஷம், கொடுக்க மறந்தாலும் சந்தோஷம். கரண்ட் பில் கட்டிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டதற்காக அந்த ஆளுக்கும் ஒரு சந்தோஷம் சொல்லிவிட்டு வருவார். "நீங்க ஒருநாள் திருடனுக்கும் சந்தோஷம் சொல்லி அனுப்பி வைக்கப் போறீங்க" என்று அவர் மனைவி வசுந்தரா கேலி செய்வாள்.

சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் பேச்சு சௌராஷ்டிரம், வாசல்படி தாண்டினால் மதுரைத் தமிழ். வீட்டுப் பேச்சையும் இங்கே தமிழிலேயே தருகிறேன், கேட்கிறவர்கள் எல்லாருக்கும் புரிய வேண்டுமே. தொழில் சுங்குடி. வெள்ளைத் துணியில் பெண்கள் பொடிப்பொடியாக முடிச்சுப் போட்டு அனுப்புவார்கள். ஜனகராஜ் அதைக் கொதிக்கிற சாயத்தில் முக்கி, அலசி, காயவைத்துக் கொடுப்பார். முடிச்சை இழுத்துப் பிரித்தால் முடிச்சிருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். முடிச்சைத் தவிர மற்ற இடமெல்லாம் சாயம் சீராக ஏற வேண்டும். அவருக்கு இருந்த கவலைகளில் பெரிய கவலை அதுதான். சாயம் ஏறாத துணி கடையிலிருந்து முகத்தில் அடித்த மாதிரி திரும்பி வரும்.

பட்டறையில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். யார் என்ன சொன்னாலும் வாயால் பதில் கொடுத்தே தீர வேண்டும். மூன்று அண்டாக்கள் கொதித்தால் ஆவியில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. "தூக்கு" என்றால் "தூக்கியாச்சு" என்று வர வேண்டும். "தள்ளு" என்றால் "தள்ளியாச்சு." ஒரு தடவை ஒருவன் மௌனமாகத் தலையை ஆட்டிவிட்டு நின்றதில், அடுத்தவன் கொதிநீரை அவன் காலில் ஊற்றிவிட்டான். அன்றிலிருந்து பட்டறையில் ஊமைக்கு இடமில்லை. சட்டம் போட்டவருக்கே அது ரத்தத்தில் ஊறிப்போனது. வீட்டில் வசுந்தரா "சாப்பிடுங்க" என்றால்கூட, "சாப்பிட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே முதல் வாயை எடுத்து வைப்பார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் ஆடி மாதத்தில் அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போக ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் அலறி அடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். ஜனகராஜ் கண்டுகொள்ளவே இல்லை. அவருக்குச் சிவப்பு என்ன புதிதா? நகக்கண் சிவப்பு, உள்ளங்கால் சிவப்பு, வேட்டி சிவப்பு. குளித்தாலே உடம்பிலிருந்து சிவப்பாகத்தான் தண்ணீர் இறங்கும். பட்டறைக்குப் பின்னால் ஒதுங்குகிற சிமெண்டுத் தரையும் வருடக்கணக்காகச் சாயம் குடித்த தரை. காலில் ஒட்டியிருந்த சாயம் கரைந்து ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார். வலி என்று ஒன்றும் இல்லை. வலி இல்லாவிட்டால் மனிதன் எதைத்தான் நோய் என்று ஒத்துக்கொள்கிறான்?

தீபாவளிச் சரக்குக்கு நாலு கை இருந்தாலும் போதாத நேரம். பட்டறையில் அவருக்கு வலது கையாக இருந்த பேயாண்டி ஒருநாள் பின்பக்கத்திலிருந்து தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோச்சுக்கிற மாட்டீகளே?"

"கேளுப்பா."

"இந்த வாரம் பூரா நம்ம பச்சைதானண்ணே போட்டோம்?"

"ஆமா, கிளிப்பச்சை. ஏன், ஏறலையா?"

"அதெல்லாம் ஏறிருச்சு. காலையிலதான் பின்னாடி தரையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு விட்டேன். இப்ப நீங்க போயிட்டு வந்தீக. தரை செவப்பா இருக்குண்ணே."

ஜனகராஜ் தன் கைகளைப் பார்த்தார். பச்சை. காலைப் பார்த்தார். அதுவும் பச்சை. பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் "சந்தோஷம்ப்பா பேயாண்டி" என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமலே தலையைப் பிடித்துக்கொண்டார். பேயாண்டிதான் அடுப்பை அணைத்துவிட்டு, அவரை சைக்கிளில் வைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டான். அந்தப் பையன் மட்டும் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்திருந்தால், ஜனகராஜ் தை மாதம் வரைக்கும் சாயம் சாயம் என்றே சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவரிடம் காட்டினார்கள். ஸ்கேன் பார்த்தார்கள். டாக்டர் சுற்றி வளைக்காதவர்.

"இடது கிட்னியில முன்னாடி கல்லு இருந்துச்சா?"

"ஆமா சார், ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி."

"அது சுருங்கிப் போச்சு. பேருக்குத்தான் இருக்கு. வலதுதான் உங்களுக்கு வேலை பாக்குது. அந்த வலதுலதான் ஒரு கட்டி மாதிரி தெரியுது."

வசுந்தராதான் கேட்டாள். "அதை எடுத்துட்டா சார்?"

"இருக்கிற இடத்தைப் பாத்தா கிட்னியோடதான் எடுக்கணும். அப்புறம் வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸ்."

"எடுக்கலைன்னா?"

"கேன்சரா இருந்தா பரவும்."

"கேன்சர் இல்லைன்னா?"

"இல்லைன்னா எதுக்கும்மா எடுக்கணும்?"

விஷயம் அவ்வளவுதான். வெறும் நீர்க்கட்டி என்றால் ஸ்கேனில் உள்ளே தெளிவாகத் தெரியும். இதில் உள்ளே கலங்கலாக ஏதோ இருந்தது. மருந்து ஏற்றி சி.டி. எடுத்துப் பார்க்கலாம் என்றால், கல் இருந்த காலத்தில் அப்படி ஒரு மருந்தை ஊசியில் ஏற்றியபோதே ஜனகராஜுக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. அதனால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார் டாக்டர். அதில் ஏற்றுவது வேறு மருந்தாம்.

"ரத்தம் ஓடுற சதையில அந்த மருந்து போய் ஏறும். படத்துல பளிச்சுன்னு தெரியும். கேன்சர் கட்டின்னா உள்ள ரத்தம் ஓடும், அதனால ஏறும். சும்மா தேங்கிக் கெடக்கிற பைன்னா ஏறாது. எதுக்கும் அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சு வச்சிருக்கேன். படத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

ஏறினால் கிட்னி போகும், ஏறாவிட்டால் தப்பும். ஜனகராஜுக்கு அது சட்டென்று மண்டையில் ஏறிவிட்டது, அவர் தொழில் பாஷை அது, வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு புரிந்திருக்காது. திரும்பி வருகிற பஸ்ஸில் திருப்பரங்குன்றம் இருக்கிற திக்கைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை காலமும் அந்த முருகனிடம் அவர் கேட்டதெல்லாம் சாயம் நன்றாக ஏற வேண்டும் என்றுதான். இப்போது தலைகீழாக வேண்ட வேண்டியிருந்தது. இந்த ஒரு தடவை ஏறாமல் பார்த்துக்கொள்ளப்பா, வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். எம்.ஆர்.ஐ. அறையைப் பார்த்துக்கொண்டது ஜெயக்கொடி என்ற பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். உசிலம்பட்டிப் பக்கம். அதட்டினால் அடங்காத மாடும் அடங்கும், அப்படி ஒரு குரல். ஆனால் ஆள் தங்கம்.

"அண்ணே, மோதிரம், வாட்ச், சாவி எல்லாத்தையும் மதினிக்கிட்டக் குடுத்துருங்க. இடுப்புல அரணாக்கயிறு வெள்ளியா?"

"வெள்ளிதாம்மா."

"அதையும் கழட்டிருங்க. உள்ள இருக்கிறது பூராம் காந்தம். பயந்துக்கிறாதீங்க, வலிக்காது. சத்தம் மட்டும் காதைப் பிளக்கும்."

சத்தம் என்றால் சாதாரணச் சத்தமில்லை. விசைத்தறிக் கொட்டகைக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது ஜனகராஜுக்கு. குழாய் மாதிரி ஒரு பொந்துக்குள் படுக்க வைத்துத் தள்ளினார்கள். மூச்சு விட்டால் கிட்னியும் மேலும் கீழும் அசையுமாம், படம் கலங்கிவிடுமாம். அதனால் சொல்லும்போதெல்லாம் மூச்சைப் பிடிக்க வேண்டும். மருந்து ஏற்றுவதற்கு முன்னால் எடுத்த படங்களுக்கு, அவர் பயப்படுகிறார் என்று ஜெயக்கொடி பக்கத்திலேயே நின்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் கன்னத்தை உப்பி மூச்சைப் பிடித்துக் காட்டினாள். அவரும் பார்த்துப் பார்த்துச் செய்தார். படம் கண்ணாடி மாதிரி வந்தது.

அடுத்தது மருந்து. அதை ஏற்றினவுடன் நேரம் பார்த்து அடுத்தடுத்து எடுக்க வேண்டும். அதற்கு அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினிடம் இருந்தாக வேண்டும். "இனிமே மைக்குல சொல்லுவேண்ணே, கேட்டுச் செய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கையில் ஊசி ஏறியது. குளிர்ச்சியாக ஏதோ தோள் வரைக்கும் ஓடியது. ஆள் தெரியவில்லை, எங்கிருந்தோ குரல் மட்டும் வந்தது.

"மூச்சை இழுத்துப் புடிங்க!"

"புடிச்சாச்சும்மா!" என்றார் ஜனகராஜ்.

வாயைத் திறந்து அதைச் சொல்வதற்குள் பிடித்த மூச்சில் முக்கால்வாசி வெளியே போய்விட்டது. மிச்சத்துக்கு இன்னொரு மூச்சு இழுத்துக்கொண்டார். அடுத்த தடவையும் அதே கதைதான். "புடிச்சாச்சு!" "விட்டாச்சு!" "மறுபடி புடிச்சாச்சும்மா!" மெஷின் போட்ட சத்தத்தில் அவர் குரல் வெளியே யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே நிறுத்தியிருப்பார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து முடித்த திருப்தியோடு எழுந்து வந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, உள்ளே தள்ளிய ஆளுக்கும் வெளியே இழுத்த ஆளுக்கும் சந்தோஷம் சொன்னார்.

ஜெயக்கொடி வெளியே வந்தபோது அவள் முகம் சரியில்லை.

"அண்ணே, நான் சொல்லச் சொல்ல மூச்சைப் புடிச்சீகளா இல்லையா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? ஒவ்வொரு தடவையும் புடிச்சு, புடிச்சாச்சுன்னு பதிலும் சொன்னேனே!"

 அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, தலையில் கை வைத்துக்கொண்டாள். ஏற்றிய மருந்து ஏற்றியதுதான். அதை உடனே திரும்ப ஏற்ற முடியாது.

படம் பார்த்துச் சொல்கிற டாக்டர் அனந்தபத்மநாபன் அறைக்கு அவர்களையும் அழைத்துக்கொண்டு போனாள். டாக்டருக்கு நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. மருந்துக்கு முன்னால் எடுத்த படத்தையும் பின்னால் எடுத்த படத்தையும் விளக்குப் பெட்டியில் மாட்டி மாறி மாறிப் பார்த்தார்.

"முன்னாடி எடுத்ததுலயே இந்த இடம் வெள்ளையாத்தான் இருக்கு. பின்னாடியும் வெள்ளையா இருக்கு. ஆனா பின்னாடி எடுத்தது கலங்கிப் போயிருக்கறதால, மருந்து ஏறி வெள்ளையாச்சா, இல்ல முதல்லேர்ந்தே இருந்த வெள்ளைதானான்னு என்னால சொல்ல முடியல."

"அப்ப என்ன சார் எழுதுவீங்க?" என்று கேட்டாள் வசுந்தரா.

"கேன்சர் கட்டி இல்லைன்னு சொல்ல முடியாதுன்னு எழுதணும்."

அப்படி எழுதினால் அந்த அறுவை சிகிச்சை டாக்டர் கத்தியை எடுப்பார், அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஜனகராஜுக்கு உட்கார்ந்த நாற்காலி வழுக்கியது. கிட்னியை நோய் கொண்டுபோனால்கூடப் பரவாயில்லை, தன் வாயே கொண்டுபோய்விட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஜெயக்கொடிதான் முன்னால் வந்தாள். "சார், திருப்பி எடுத்துருவோம் சார். இவரு மேல தப்பில்ல. நான் உள்ள போய் ஒரு எட்டுப் பாத்துருக்கணும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நினைத்திருந்தால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கை கழுவியிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. "மருந்து உடம்பை விட்டுப் போகட்டும். நாலு நாள் கழிச்சு வாங்க. சென்டர் கணக்குலயே எடுத்துக்கலாம். ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சொல்லி நானே அவர்கிட்ட போன்ல பேசறேன்" என்றார். அங்கேயே பேசவும் பேசினார். இந்த உலகத்தில் நல்லவர்களுக்குப் பஞ்சமில்லை என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கு ஒன்றுமில்லை.

வீட்டில் அந்த நாலு நாளும் ஒரே ஒத்திகைதான். பிளஸ் டூ படிக்கிற மகள் ஸ்ரீவர்ஷினி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மூச்சைப் பிடிங்க!" என்பாள். கட்டிலில் படுத்திருக்கும் ஜனகராஜ் பல்லைக் கடித்துக்கொள்வார். உதட்டை அழுத்திக்கொள்வார். ஆனாலும் மூக்கு வழியாகவாவது "ம்ம், ஆச்சு" என்று ஒரு சத்தம் வந்துவிடும். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜனகராஜுக்கு அது கேட்டது. கேட்காத மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"என்னால முடியாது வசு" என்றார் கடைசியில். "காதுல விழுந்தா வாய் தானாத் திறக்குது."

வசுந்தரா களைந்துகொண்டிருந்த அரிசியை அப்படியே கீழே வைத்தாள். "காதுல விழுந்தாத்தானே?" என்றாள்.

மறுபடி சென்டருக்குப் போன அன்று அவள் ஜெயக்கொடியைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏம்மா, அந்த ரூமுக்குள்ள நான் நிக்கலாமா? எக்ஸ்ரே மாதிரி ஏதும் ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாது மதினி. உடம்புல இரும்பு கிரும்பு எதுவும் இருக்கக் கூடாது, அம்புட்டுத்தான்."

"அப்ப அவருக்கு மைக்குல எதுவும் சொல்ல வேணாம். கண்ணாடி வழியா எனக்குக் கையைக் காட்டு. நான் அவர் கால் கட்டை விரலைப் புடிக்கிறேன். புடிச்சா மூச்சை நிறுத்தணும், விட்டா விடணும். அவருக்கு வாயால சொன்னா வாயாலதான் பதில் வரும். காலுக்கு ஏது வாய்?"

ஜெயக்கொடி அவளையும் தள்ளி உட்கார்ந்திருந்த ஜனகராஜையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தோணலையே மதினி!" என்றாள்.

வசுந்தரா கொண்டை ஊசி, சேலை ஊக்கு, மெட்டி, வளையல் எல்லாவற்றையும் கழற்றினாள். தாலிச் சங்கிலியைக் கழற்றும் முன்னால், முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த மஞ்சள் கிழங்கை ஒரு நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜனகராஜின் காதுகளையும் ஜெயக்கொடி நன்றாக அடைத்துவிட்டாள்.

ஊசி ஏறியது. பொந்துக்குள் ஜனகராஜுக்கு எதுவும் தெரியவில்லை, சத்தமும் தூரத்தில் எங்கோ கேட்டது. உலகத்தில் மிச்சமிருந்தது வலது கால் கட்டை விரல் ஒன்றுதான். அதை ஒரு கை பிடித்தது. அவர் மூச்சை நிறுத்தினார். வாய் திறக்கவில்லை. விரலை விட்டது. மூச்சை விட்டார். மறுபடி பிடித்தது. எத்தனை தடவை என்று அவர் எண்ணவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கை அவர் காலைத் தொட்டது காய்ச்சலில் கிடந்தபோதுதான், அப்போதெல்லாம் இவ்வளவு அழுத்தம் இருந்ததில்லை. விரல் கன்றிப்போகிற அளவுக்குப் பிடித்தாள். வலித்தது. அந்த வலி அவருக்கு வேண்டியிருந்தது.

சாயங்காலம் டாக்டர் அனந்தபத்மநாபன் அவரை மட்டும் முதலில் உள்ளே கூப்பிட்டார். வசுந்தரா நகைகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை இரண்டு படங்களும் கண்ணாடி மாதிரி இருந்தன.

"இது மருந்துக்கு முன்னாடி. இந்த உருண்டை வெள்ளையா இருக்கா? இது மருந்துக்குப் பின்னாடி. சுத்தியிருக்கற கிட்னி பூரா பளிச்சுன்னு ஆயிடுத்து பாருங்கோ. ஆனா உருண்டை முன்னாடி எப்படி இருந்ததோ அப்படியே இருக்கு. இதைக் கம்ப்யூட்டர்ல கழிச்சுப் பாத்தேன். பின்னாடி இருக்கறதுலேர்ந்து முன்னாடி இருந்ததை எடுத்துட்டா, மருந்து போன இடம் மட்டும்தான் மிஞ்சும். உருண்டை இருந்த இடத்துல ஒண்ணுமே மிஞ்சல."

ஜனகராஜுக்கு அது புரிந்தது. பட்டறையில் ஒவ்வொரு கட்டுத் துணியிலும் ஒரு முழத்தை முக்காமல் தனியாக எடுத்து வைப்பார்கள். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சாயம் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். ஆனாலும் புரிந்ததை நம்புவதற்குத் தைரியம் வரவில்லை.

"சார், அப்படின்னா..."

"அதுல மருந்து ஏறலை. அது பழைய நீர்க்கட்டி. உள்ள ரத்தம் கசிஞ்சு உறைஞ்சிருக்கு. அதான் சிவப்பாப் போயிருக்கு. கேன்சர் கட்டிக்கு உண்டான எதுவும் இதுல தெரியல. ஆபரேஷன் வேண்டாம்னுதான் எழுதப் போறேன். கொஞ்ச நாளைக்கு ஒருதரம் வந்து பாத்துண்டா போதும்."

"ஏறலையா சார்?"

"ஏறலை."

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஏறலை, ஏறலை, ஏறவே இல்லை. போய் வீட்டம்மாகிட்ட சொல்லுங்கோ."

தொழிலில் எந்த வார்த்தையைக் கேட்கவே அவர் பயப்படுவாரோ, அந்த வார்த்தை அன்று தேனாக இருந்தது. எழுந்து நின்று கும்பிட்டார். வெளியே வந்து ஜெயக்கொடியைத் தேடிப்பிடித்துக் கும்பிட்டார். "அட, விடுங்கண்ணே" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போனாள். கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கும் ஒரு சந்தோஷம் சொன்னார். எதற்கென்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. வாங்கி வைத்துக்கொண்டாள். வசுந்தராவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் கண்ணை மூடி, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஈ நுழைய இடமில்லாத கூட்டம். ஜனகராஜ் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். பேயாண்டிக்கு வேட்டி சட்டை எடுக்க வேண்டும். அவன் இல்லாவிட்டால் என்ன கதியாகியிருக்கும்? அந்த ஜெயக்கொடி, அவளுக்கென்ன தலையெழுத்தா? அந்த டாக்டர், மனுஷனா அவர், தெய்வம்! இவர்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பது?

வசுந்தரா கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு சாதாரணமாக, காய் விலை சொல்கிற மாதிரி, "அப்ப என்னோடது என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

"எது?"

"கிட்னி."

ஜனகராஜ் நின்றுவிட்டார்.

"சனிக்கிழமை பூ வாங்கிட்டு வாரேன்னு போனேன்ல, பூக்கடைக்குப் போகல. அந்த ஆபரேஷன் டாக்டரைப் பாக்கப் போனேன். ரத்தம் குடுத்துப் பாத்தேன். உங்க குரூப்தானாம். கேன்சரா இருந்தா உடனே மாத்தி வைக்க மாட்டாங்களாம், ரெண்டு வருஷம் பாத்துட்டுத்தான் வைப்பாங்களாம். சரி சார், ரெண்டு வருஷம் அதை நான் பத்திரமாப் பாத்துக்கிறேன், எப்ப வேணுமோ அப்ப எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டு வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "அதான் மூணு நாளா ஊறுகாயைத் தொடல. கிட்னிக்கு உப்பு ஆகாதாமே" என்றாள்.

ஜனகராஜ் வாயைத் திறந்தார். கண்டக்டருக்கும் கரண்ட் ஆபீஸ்காரனுக்கும் தெருவில் திட்டியவனுக்கும் தாராளமாக வாரி இறைத்த அந்த வார்த்தை, இப்போது எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. இருந்தால்தானே? இவளுக்கென்று அவர் அதை ஒரு நாளும் எடுத்து வைத்ததில்லை. பால் பாக்கெட் போடுகிறவனுக்குச் சொல்லத் தெரிந்தவருக்கு, பாலைக் காய்ச்சிக் கொடுத்தவளுக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷமும் தோன்றவே இல்லை. பஸ் ஸ்டாண்டு நடுவில், பூக்காரி பார்க்க, பழக்கடைக்காரன் பார்க்க, பச்சைச் சாயம் இன்னும் போகாத இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, சந்நிதியில் நிற்கிற மாதிரி அவளைப் பார்த்துக் கும்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஐயய்ய, என்ன இது? நாலு பேரு பாக்கிறாங்க. கையை இறக்குங்க" என்று வசுந்தரா பதறினாள். "பஸ் வந்துருச்சு, வாங்க. வீட்டுக்குப் போய் ஊறுகாய் போட்டுச் சாப்பிடணும்."

கையை இறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனார்கள்.